பிரஸ்ஸல்ஸ் நேரம்

பதினொன்று நாற்பதுக்கு இல்டா ஏழாவது முறையாக லிஸ்பனுக்குப் போன் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத்தான் ஆளில்லை.

பிரஸ்ஸல்ஸில் போர்ச்சுகல் அலுவலகத்து அதிகாரி அவள். மேசைமேல் இரண்டு பக்கக் கடிதம். நிலக்கரி அனல்மின் நிலையங்களை மூட ஐரோப்பிய ஒன்றியம் வைத்த கெடுவைப் பத்து வருடம் தள்ளிப்போடும் கடிதம்.

ஓட்டு கிடையாது, விவாதம் கிடையாது. பகல் பன்னிரண்டு வரை இருபத்தேழு நாடுகளும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நிறைவேறிவிட்டதாக அர்த்தம். ஒரே ஒரு நாடு 'மறுக்கிறோம்' என்று ஒரு வரி அனுப்பினால் நின்றுவிடும்.

அந்த விதியையும் சீர்திருத்தம் என்று சொல்லி அடுத்த வருடம் தூக்கிவிடப் போகிறார்கள். இனி இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்க்காது.

மறுப்போம் என்று போர்ச்சுகல் மந்திரி டிவியில் மார்தட்டியாயிற்று. அந்த ஒரு வரியை இல்டா நேற்றே அடித்து வைத்துவிட்டாள். ஆனால் தலைநகர் லிஸ்பனிலிருந்து எழுத்தில் உத்தரவு வர வேண்டும். வராமல் அனுப்பினால் வேலை போகும். போனால் போகிறது என்று துணிந்தாலும் மறுப்பு செல்லாது.

போன ஆகஸ்டில் மலைக்காட்டுத் தீயை அணைக்கப் போன தம்பி அமரோ திரும்பி வரவில்லை. ரொட்டிக்கடைக்காரன். சம்பளமில்லாத தொண்டுப் படையில் இருந்தான். தலைக்கவசத்தை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நிலக்கரிப் புகையில் பூமி சூடேறச் சூடேறத்தான் வருஷா வருஷம் காடு இப்படி எரிகிறது. அவனுக்காக இந்த ஒன்றையாவது செய்துவிட மாட்டோமா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு.

பன்னிரண்டு.

பன்னிரண்டு நாலுக்குப் போன் அடித்தது. லிஸ்பனில் உத்தரவு அனுப்ப வேண்டிய இயக்குநர் அர்லிண்டு.

"என்னம்மா, ஏழு தடவையா கூப்பிடுவே? இப்பதானே மணி பதினொன்னு. முழுசா ஒரு மணி நேரம் கெடக்கு. மந்திரிகிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பிடறேன்."

"சார்... இங்க பன்னெண்டு அடிச்சிடுச்சு."



"அடடா! அந்த ஒரு மணி நேர வித்தியாசம் சுத்தமா மறந்தே போச்சும்மா. சரி விடு. மந்திரி வருத்தம் தெரிவிச்சு ஒரு அறிக்கை விட்டுடுவாரு."

போனை வைத்ததும் இல்டாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாவி மனுஷன் மறந்து தொலைத்துவிட்டார், மறதிக்கு யாரை நோவது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

எதிர்ச் சுவரில் இரண்டு கடிகாரங்கள், ஒன்று பிரஸ்ஸல்ஸ் நேரம், மற்றது லிஸ்பன் நேரம். இரண்டாவதன் கீழே, ஓரம் சுருண்டுபோன பழைய சீட்டு ஒன்று.

'லிஸ்பன் ஒரு மணி நேரம் பின்னால். மறந்தால் தொலைந்தோம்!'

அவளுக்கு முன்னால் இதே நாற்காலியில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தவர் எழுதி ஒட்டியது.

அடியில் கையெழுத்தும் இருந்தது. அர்லிண்டு.