தலைக்கு மேலே போகிற மகன்

தையல்காரம்மா மொட்டை மாடியில் சிவப்புப் போர்வையைக் கொடியில் விரிக்கிறாள். துவைக்காத போர்வை, சொட்டு ஈரம் கிடையாது. தொங்கினால் மேலிருந்து தெரியாது என்று தோன்றியதோ என்னவோ, உருவித் தரையில் போட்டு, முனைக்கொரு செங்கல் வைக்கிறாள். மகன் இருக்கும் நகரம் விமானத்தில் மூன்று மணி நேரம்தான். "கூப்பிட்டா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்று போனவன், ஆறு வருஷமாக அந்தச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மாமியாரைப் பார்க்க மட்டும் ஐந்து மணி நேரம் பறக்கிறான். போகிற வழி இந்த ஊருக்கு மேலேதான் என்று போனில் கண்டுபிடித்துச் சொன்னவள் மகள். வாய் சும்மா இருக்குமா?

பக்கத்தில் நிற்கும் மகள் போன் திரையில் ஊரும் குட்டி விமானத்தைப் பார்க்கிறாள். "இப்ப நம்ம தலைக்கு மேலம்மா." தையல்காரம்மா கலைந்த முடியை அவசரமாக ஒதுக்கிக்கொள்கிறாள், அத்தனை உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு லட்சணமாகத் தெரிய வேண்டுமே. கூசும் வெயிலில் ஒரு வெள்ளைக் கோடு நீண்டு, தடித்து, கரைகிறது. சத்தம் பின்தங்கி வருகிறது.

"கீழ பாக்கச் சொன்னியா அண்ணன்கிட்ட?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஏறினதும் தூங்கிடுவேன்னான்."

தையல்காரம்மா கோடு இருந்த இடத்தைப் பார்க்கிறாள். பிறகு செங்கல்களை ஒவ்வொன்றாக ஓரம் வைக்கிறாள். பக்கத்து மாடியில் துணி பிழிகிறவள் ஒன்றும் கேட்கவில்லை. இருந்தும் அவளைப் பார்த்து, "காஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, போர்வையை மடிக்கிறாள்.