யாழ்மொழி பதிந்த வகைகள்

எங்கள் அடுக்ககத்தில் கல்யாணமாகாத ஆண்களுக்கு இடமில்லை. அதனால் எதிர்வீட்டு யாழ்மொழி, கதவுகளை இயக்கும் வீட்டு மென்பொருளில், தன்னோடு தங்கியிருக்கும் தம்பியைச் ‘சமையல்காரர்’ வகையில் பதிந்துவிட்டாள். அவனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, அது வேறு விஷயம். வகையை மீறி யாரையும் எதையும் செய்ய விடாத, தவறே நேராத மென்பொருளாம்.

இன்று படுக்கையறையில் அவள் மூச்சுத் திணறி விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு, தம்பி அந்த அறைக் கதவை இடித்துக்கொண்டிருந்தான்.

“நான் அவ தம்பி, திற.”

“சமையல்காரருக்குப் படுக்கையறையில் அனுமதி இல்லை. வகையை மாற்ற உரிமையாளரின் குரல் தேவை” என்றது கதவு.

“அக்கா, நீங்க கேட்டுப் பாருங்க.”

கேட்டேன்.

“எதிர்வீட்டுக்காரர். எட்டிப் பார்க்க மட்டும் அனுமதி.”

கதவு விரற்கடை அளவு திறந்து நின்றது. தரையில் கிடந்த யாழ்மொழி எங்களைப் பார்த்து வாயசைத்தாள். குரல் மட்டும் வரவில்லை.