சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பனிமலை

வெள்ளைச் சுண்ணாம்பைச் சுரண்டினால் மஞ்சள். மஞ்சளைச் சுரண்டினால் காவி. காவிக்கு அடியில் ஒரு பனிமலையின் உச்சி வந்தது.

அவள் கத்தியை அப்படியே நிறுத்தினாள்.

சுடாத செங்கல்லை மண்ணாலேயே ஒட்டி எழுப்பிய பழைய கட்டடம் அது. தானியக் கிடங்காகப் பிறந்து, பள்ளிக்கூடமாகி, போட்டோ ஸ்டுடியோவாகி, கடைசியில் யாருக்கும் வேண்டாததாகி நின்றதை இப்போது அருங்காட்சியகம் ஆக்குகிறார்கள். பூச்சை உரித்து மண்சுவரை மூச்சுவிட வைப்பது அவள் வேலை. வைத்துக்கொள்ளத் தகுந்தது ஏதாவது அகப்பட்டால் விட்டுவைக்கலாம். தகுந்ததா இல்லையா என்று சொல்லவேண்டியதும் அவள்தான்.

"சுவருக்கு ஷேவிங் முடிஞ்சுதாம்மா? இல்ல, மீசைய மட்டும் விட்டு வைக்கிறீங்களா?" வெளியே மண் குழைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி கேட்டார்.

கத்தி தானாக நகர்ந்தது. மலைக்குக் கீழே ஏரி. ஏரியில் படகு. படகுக்கு ஒரே ஒரு துடுப்பு. இன்னொன்றை வரைவதற்குள் ஓவியருக்குச் சாப்பாட்டு நேரம் வந்திருக்க வேண்டும்.

அந்தத் துடுப்பை அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

வீட்டில் மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் அப்பா இந்தப் படகுக்கு முன்னால்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வெளிநாட்டிலிருந்து அனுப்பிய படம். அவள் அம்மா வயிற்றில் இருந்தபோது போனவர். அதற்குப் பிறகு படமும் இல்லை, ஆளும் இல்லை. பனிமலைக்கு முன்னால் அரைக்கைச் சட்டையோடு நிற்கிறாரே, குளிராதா என்று சின்ன வயதில் கேட்டதற்கு, "உங்கப்பாவுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்றாள் அம்மா. இவள் அதையும் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஏரி பச்சையாக இருந்தது. இத்தனை வருடம் அவள் கனவில் அது நீலம்.

மதிய வெயில் ஜன்னல் வழியே தண்ணீரில் விழுந்தது. படகு லேசாக ஆடியது போலிருந்தது. மண்சுவரின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏற, கொஞ்ச நேரம் கரையோரமாக நின்றாள்.

பிறகுதான் உறைத்தது. கடல் தாண்டிப் போன மனிதர் ஒரு ராத்திரி பஸ் தூரம்தான் போயிருக்கிறார். இங்கே நின்று சிரித்துவிட்டு, அம்மாவுக்கு வெளிநாடு என்று காது குத்தியிருக்கிறார்.

திறப்பு விழாவுக்கு வந்தே தீருவேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். வந்தால் இந்தச் சுவரைப் பார்ப்பாள்.

நகக்கண் அளவு பழைய பூச்சு உதிர்ந்தாலே மேஸ்திரியை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள், கத்தியைச் சாய்த்துப் பிடித்தாள். ஒரு இழுப்பு போதும். மலை, ஏரி, துடுப்பு எல்லாம் தூசி.

போன் அடித்தது. அம்மா. தினமும் கூப்பிட்டு, சுவரில் இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்பாள். பாவம், பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று இவளும் நிறம் நிறமாகச் சொல்லி வந்தாள்.

"ஒண்ணும் வரலம்மா. வெறும் மண்ணுதான். நீ அவ்வளவு தூரம் அலையாத."

"மலை வந்துடுச்சா?" என்றாள் அம்மா.

இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எத்தன தடவ சொல்லியும் உங்கப்பா உர்ருன்னே நின்னாரு. நான் கேமராவுக்குப் பின்னால நின்னு நாக்கத் துருத்திக் காட்டினேன். அப்புறம்தான் சிரிச்சாரு. அடுத்த வாரம் காய்ச்சல்ல படுத்தவரு எழுந்திருக்கல. அந்த ஊரே வேண்டாம்னு உன்ன வயித்துல சுமந்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். நீ கேட்டப்ப சொல்ல முடியல, வெளிநாடுன்னுட்டேன். அப்புறம் அத மாத்த எனக்கே மனசு வரல."

அவள் கத்தியைத் தரையில் வைத்தாள், சத்தம் வராமல்.

"அத மட்டும் சுரண்டிடாதடி. அவரு போன வெளிநாடு அது ஒண்ணுதான்."