சுழி போட்ட கை

"இந்த எடத்துல ஒரு கையெழுத்து மாமா. மொதல்ல உங்க சுழியப் போட்டுட்டு."

நைஜல் நீட்டிய காகிதத்தைக் காளிமுத்து வாங்கவில்லை. கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார்.

இங்கிலாந்தில் பள்ளியை முடித்துவிட்டு, காலேஜில் சேருமுன் ஒரு வருஷத்தைக் காட்டுக்குத் தானம் கொடுக்க வந்த பையன் அவன். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, ஓடைக்கரையில் வண்ணத்துப்பூச்சிகளை எண்ண வேண்டும். அவற்றைக் காப்பாற்ற வழி எழுத வேண்டும். சம்பளம் கிடையாது. "நம்ம பாட்டனக் கூலிக்குக் கப்பலேத்துன வெள்ளக்காரன், இப்பத் தன் பேரனக் கூலியே இல்லாம அனுப்புறான்லா" என்று காளிமுத்து கடைத்தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

முதலில் அவன் ஸ்ட்ராபெரி வாங்கத்தான் கியா பார்ம் சந்தையிலிருந்த காளிமுத்துவின் கடைக்கு வந்தான். துண்டுச்சீட்டின் தலையில் அவர் போட்ட பிள்ளையார் சுழியைப் பார்த்து, இது என்ன என்று கேட்டான். எதை எழுதினாலும் எதைக் கட்டினாலும் முதலில் சுழி, அதற்குள் ஒரு பொட்டு. பொட்டு எங்கள் அப்பன் வழி என்றார். கடையோடு சேர்ந்த அவர் வீட்டிலேயே தங்க அறை இருக்கிறதா என்று விசாரித்து, கேட்ட வாடகைக்கு ஒத்துக்கொண்டான். பக்கத்து டவுன் தானா ராத்தாவில் அத்தனை விடுதி இருக்க இங்கே ஏன் என்று அவர் துருவவில்லை. பேரம் பேசாத கிராக்கியை எந்த வியாபாரி துருவுவான்?

கடையின் முன்பக்கம் ஸ்ட்ராபெரியும் தேனும். பின்பக்கம் பூட்டிய அறை. உள்ளே, கறுப்பும் பச்சையுமாய்ச் சிறகு விரித்தபடி ஊசியில் குத்திக் கண்ணாடிச் சட்டம் போட்ட வண்ணத்துப்பூச்சிகள். மாதம் ஒருமுறை பினாங்கு ஏஜெண்டின் லோரி வந்து அள்ளிப்போகும், அங்கிருந்து கப்பல்.

அதுகூடப் பரவாயில்லை, வயிற்றுப்பாடு. பையன் குளிக்கப் போகும்போது அவன் நோட்டைப் புரட்டி, எந்தப் பாறையில் எத்தனை என்று பார்த்துவிட்டு, மறுநாள் வலையோடு அதே பாறைக்குப் போனாரே, அதுதான் கேவலம். தை மாதம் அறுபது இருந்தது, ஐப்பசியில் ஒன்பது. ஏன் குறைகிறது என்று அவன் கேட்டபோது, காய்கறித் தோட்டத்தில் அடிக்கிற மருந்து என்றார். அவனும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டான். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நவமணி புருஷனைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் குத்தியது.

இன்று மத்தியான பஸ்ஸில் அவன் ஊருக்குக் கிளம்புகிறான். நீட்டிய காகிதம் அவன் அறிக்கையின் முதல் பக்கம். அதை, நவமணி கற்றுக்கொடுத்த தமிழில் சொல்லிக்காட்டினான்: ஓடைக்குக் காவல் நின்ற காளிமுத்துவுக்கு நன்றி.

எடை குறையப் படிக்கல்லைக் குடைந்தவனுக்குத் தராசைப் பரிசாகக் கொடுத்த மாதிரி இருந்தது அவருக்கு. மறைத்தால் இன்னும் ஒரு மணி நேரம், பஸ் போய்விடும். சொன்னால், ஒரு வருஷமாய் மாமா என்று கூப்பிட்ட வாய் காறித் துப்பும்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பின்னறையைத் திறந்தார்.

"மருந்து இல்ல தம்பி. நாந்தான். உன் நோட்டப் பாத்துதான் புடிச்சேன்." சாவியை மேசைமேல் வைத்தார். "துப்பணும்னா துப்பிட்டுப் போ. இத மறைச்சுக்கிட்டு உன் காகிதத்துல சுழி போட முடியாது."

நைஜல் வண்ணத்துப்பூச்சியைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சட்டத்தை எடுத்துத் திருப்பினான். பின்னட்டையின் மூலையில் சுழி, அதற்குள் பொட்டு. கட்டைவிரலால் அதைத் தடவினான். அவன் முகம் காதுமடல் வரை சிவந்துபோயிருந்தது.

"தெரியும் மாமா. இந்தச் சுழியத் தேடித்தான் நான் இந்த மலைக்கே வந்தேன். நீங்க சொன்னா நானும் சொல்லிடலாம்னு ஒரு வருஷமா வெட்கப்பட்டுக்கிட்டுக் கெடந்தேன்" என்றான், தலை நிமிராமல். "லண்டன்ல இத வாங்கி விக்கிறது எங்கப்பா. நான் உங்களுக்குக் குடுத்த வாடகையும் அந்தக் காசுதான்."