அத்தை தைத்த சட்டை

மொட்டையடித்த குழந்தை எங்கேயும் தென்படவில்லை.

ரூத் டீச்சர் ஐயனார் கோயில் ஆலமரத்தடியில் நின்று மறுபடியும் ஒவ்வொரு மடியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இருந்த கைக்குழந்தைகள் அத்தனையின் காதிலும் ஏற்கெனவே பொட்டுத் தங்கம் மின்னியது.

போன வாரம் மதுரைப் பள்ளிக்கூட வாசலில் ஒருவன் வந்து நின்றான். தான்தான் அவளுடைய அண்ணன் விருமாண்டி என்றான். "திருவாதவூர்ல காதுகுத்து வச்சிருக்கு தாயி. நீ வராம நடக்காது" என்று வெற்றிலை பாக்கை நீட்டினான்.

ஆணா பெண்ணா என்று கேட்க அவளுக்கு நாக்கு வரவில்லை. கூடப்பிறந்தவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்றே தெரியாத அத்தை அதை எந்த வாயால் கேட்பாள்? இரண்டுக்கும் பொதுவாக வெள்ளையில் ஒரு குட்டிச் சட்டை தைத்து எடுத்து வந்திருந்தாள்.

ஆனால் பயம் சட்டையைப் பற்றியதல்ல. காதைப் பற்றியது.

காலரா வந்த வருடம் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஆடு மேய்க்க ஆவான் என்று மகனை வைத்துக்கொண்ட அப்பா, தவழ்ந்துகொண்டிருந்த மகளை மிஷன் விடுதியில் விட்டார். அதன்பின் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நகை வீண் பெருமை என்று விடுதியில் அவளுக்குக் காது குத்தவில்லை. மற்றபடி நன்றாகத்தான் வளர்த்தார்கள், பியானோகூட வாசிப்பாள். லீவு விட்டதும் மற்ற பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆள் வரும். அவள் ஜன்னலோரம் நின்று பார்ப்பாள்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். அவளுக்கு அந்தச் சேறுகூட வாய்க்கவில்லை.

இந்த ஊரில் காது குத்தாத பெண்ணுக்கு மூளி என்று பெயர். நல்ல காரியத்தில் மூளி முன்னால் நிற்கக் கூடாது.

அவள் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். வெயிலுக்கு என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஆசாரி தங்கக் கம்பியை மஞ்சளில் தோய்த்தார். பெண்கள் குலவையிட்டார்கள். ரூத்துக்குக் குலவையிடத் தெரியாது. வாயை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் நின்றவள் அதைக் கவனித்துவிட்டாள்.

சட்டையை யாரிடமாவது கொடுத்துவிட்டு இப்போதே நடந்தால் மேலூர் ரோட்டில் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். பின்னுக்கு நகர்ந்தாள்.

விருமாண்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க போற? நம்ம ஆத்தாவுக்குத் தம்பி, முத்திருளன் மாமா. கண்டித் தோட்டத்துல இருந்து இப்பத்தான் வந்து சேந்தாரு."

கூட்டம் விலகியது. ஆசாரிக்கு எதிரே பலகையில் ஒரு கிழவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

குழந்தைக்கு மடி கொடுக்க வேண்டியவர் தாய்மாமன். அண்ணன் பிள்ளைக்கு என்றால் அண்ணியின் கூடப்பிறந்தவனல்லவா உட்கார வேண்டும்? இவர் அண்ணனுக்கு மாமன். முறை தப்பிப்போயிற்றே என்று ரூத் பதறினாள். எடுத்துச் சொல்லலாமா என்றுகூட வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

அவர் அண்ணனுக்கு மட்டுமா மாமன்?

"வளந்த பொம்பள, மடியில உக்கார வேணாம் மாயக்கா" என்றார் கிழவர். "தலைய மட்டும் சாச்சுக்க."

ரூத் ஆவதற்கு முன்னால் அவளுக்கு இருந்த பெயர் அது. விடுதிப் பதிவைத் தவிர வேறெங்கும் அவள் அதைக் கண்டதில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கேட்பார்களே என்று நினைப்பு ஓடியது. கேட்டால் கேட்கட்டும். தலைப்பு சரிந்து தோளில் விழுந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை.

குழந்தை அழாமலிருக்க வாயில் கொடுக்கும் வெல்லக்கட்டியைக் கிழவர் தயாராக நீட்டிக்கொண்டிருந்தார்.

ஆசாரி இன்னும் காதைத் தொடவே இல்லை. அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.