கெட்டி ரப்பர்

உண்டிவில்லுக்கு ரப்பர் கேட்டவளிடம் கடைக்காரர் தடித்த பட்டையை எடுத்துப் போட்டார். "முயலே சுருண்டு விழும்மா!"

"மெல்லிசா குடுங்க அண்ணே. போன தடவை வாங்கினதைவிட மெல்லிசா."

"இந்தா, இதுக்குக் கீழ கடையிலயே கிடையாது. ஈகூடச் சாகாது. உன் வீட்டுக்காரர் எப்பேர்ப்பட்ட வேட்டைக்காரர், என்னைக் காறித் துப்புவார்!"

"துப்ப மாட்டார். கட்டிக் குடுங்க."

கட்டிலில் படுத்தபடியே கணவர் உண்டிவில்லை வாங்கினார். "கெட்டி ரப்பர்தானே?"

"ஆமாங்க."

நடுங்கும் கையால் காதுவரை இழுத்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தியா? கை செத்துக்கிட்டே வருதாம்! அந்த டாக்டர் நல்லாப் புளுகியிருக்கான். அடுத்த தடவை இதைவிடக் கெட்டியா வாங்கிட்டு வா."

"இதைத் தாண்டி கடையில எதுவும் இல்லீங்க" என்றாள்.

அது மட்டும் பொய்யில்லை.