இழுவை போதாத வண்டி

கண்ணாடிக் கடைக்காரர் தள்ளிக்கொண்டு வந்த பைக்கை மெக்கானிக் ஏற இறங்கப் பார்த்தார். உயரமான சீட்டு, கட்டை கட்டையாய்ப் பல் வைத்த டயர். தார் ரோட்டிலும் ஓடும், காட்டுப் பாதையிலும் ஏறும் ரகம். என்ஜின் மட்டும் சின்னது.

“இழுவை போதல தலைவரே. என்ஜினைப் பெருசாக்கணும்” என்றார் கடைக்காரர்.

“வீட்டுக்கும் கடைக்கும் போறதுக்கு எதுக்கு சார் இழுவை?”

“மலை உச்சிக்குப் போகணும். மண் பாதை, கார் ஏறாது. போன தடவை வீட்டம்மாவைப் பின்னால வச்சுக்கிட்டுப் போனேன். பாதி மேட்டுல வண்டி முக்கி முனகி நின்னுடுச்சு. அவ இறங்கி, மலையே அதிர்ற மாதிரி சிரிச்சுட்டு, நடந்தே வீட்டுக்கு வந்துட்டா.”

“பின்னாடி இருக்கற பல்சக்கரத்தைக் கொஞ்சம் பெருசாப் போட்டா மேடு ஏறிடும் சார். இறங்கும்போதுதான் வேகம் வராது.”

“இறங்கும்போது என்ன, நான் ஒருத்தன்தானே!” என்ற கடைக்காரர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “பல்சக்கரமெல்லாம் வேண்டாம். பிஸ்டனையே பெருசாப் போடுங்க. அவ மறுபடி பாதியில இறங்கிடக் கூடாது. ஆமா, உச்சியில வேலி கீலி ஒண்ணும் போடலையே?”

மெக்கானிக்குக் கையிலிருந்த ஸ்பேனர் சில்லிட்டது. அந்தத் தம்பதியின் சண்டை தெருவுக்கே மனப்பாடம்.

முடியாது என்றால் மனுஷன் வேறு பட்டறைக்குப் போய்விடுவார். எனவே மெக்கானிக் வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்கு ஓடினார்.

“என்ஜின் பெருசானா கொலையாய்யா?” என்று ஏட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “அப்ப லாரி வச்சிருக்கறவனையெல்லாம் தூக்குலதான் போடணும்.”

வேறு வழியில்லாமல் மெக்கானிக் வேலையை ஆரம்பித்தார். சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டனைப் பொருத்தி, பெட்ரோல் கூடுதலாய் இறங்க கார்ப்பரேட்டரையும் மாற்றினார். வேண்டுமென்றே சொதப்பி வைத்திருக்கலாம்தான். புத்தி அதைத்தான் சொன்னது. கை கேட்கவில்லை. ஒரு உதைக்கு உறுமிக்கொண்டு எழுந்தது என்ஜின்.

“புது பிஸ்டன் சார்” என்றார், வண்டியைக் கொடுக்கும்போது. “ஐநூறு கிலோமீட்டர் ஓடிப் பழகற வரைக்கும் நாப்பதைத் தாண்டக் கூடாது. பின்னால ஆளே ஏத்தக் கூடாது. மீறினீங்க, பிஸ்டன் இறுகிக்கும்.”

நாற்பது என்பது தொழில். ஆள் ஏற்றக் கூடாது என்பது கருணை.

கடைக்காரர் தலை மறைந்ததும், மெக்கானிக் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். தன் சந்தேகத்தையும் ஐநூறு கிலோமீட்டர் கணக்கையும் அவர் சொல்லச் சொல்ல, அந்த அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“இவரா? என்னையா? பல்லி விழுந்தா கட்டில் மேல ஏறி நிக்கற ஆளுண்ணே இவரு!”

“‘இறங்கும்போது நான் ஒருத்தன்தானே’ன்னு அவர் வாயாலயே சொன்னாரும்மா.”

மடித்த கை நின்றது.

“உங்க அம்மா வீட்டுக்குப் போயிடுங்கம்மா.”

“ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் பயமில்லைல்ல?”

“அது வரைக்கும் ஏத்த மாட்டாரு.”

“அப்ப இதைப் பத்தி அவர்கிட்ட ஒண்ணும் கேட்டுடாதீங்கண்ணே. பாவம், மனசு சங்கடப்படுவாரு.”

இப்படியும் ஒரு மனுஷியா என்று மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு கடைக்காரர் காலையும் மாலையும் நாற்பதைத் தாண்டாமல் தெருத்தெருவாய் ஊர்ந்தார். சைக்கிள்காரர்கள் மணியடித்து அவரை முந்தினார்கள். மெக்கானிக்குக் கண்ணெல்லாம் மீட்டர் மேல். அதில் ஓடிக்கொண்டிருந்தது அந்த அம்மாவின் ஆயுள்.

எதிர்பார்த்ததற்கு வெகு முன்னதாகவே கடைக்காரர் ஆயில் மாற்ற வந்து நின்றார், பல்லெல்லாம் தெரிய.

“நான் ஓட்டினது பாதிகூட இருக்காது தலைவரே. அதுக்குள்ள மீட்டர் ஐநூறைத் தாண்டிருச்சு! எல்லாம் என் நல்ல நேரம்!”

பாழாய்ப்போன மீட்டர்கூடக் கொலைகாரன் பக்கம்தானா என்று மெக்கானிக் உள்ளுக்குள் குமுறினார்.

மறுநாள் தூறலில், ஆளுக்கொரு மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக இருவரும் பட்டறையைக் கடந்து போனார்கள். பின்னாலிருந்த அந்த அம்மா ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் போட்டது போட்டபடி கிளம்பினார். அவருடைய ஓட்டை மொபெட் அடிவாரத்தோடு கையை விரித்துவிட்டது. மேலே, அவர் கடைந்த என்ஜின் ஒரு திணறல் இல்லாமல் மேடு ஏறுவது கேட்டது. ஒரு கணம் பெருமையாய் இருந்தது. அடுத்த கணம் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

சத்தம் நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அதே உறுமல், இறக்கத்தில்.

வளைவில் வண்டி தெரிந்தது. ஒரே ஒரு ஹெல்மெட்.

கையில் அகப்பட்ட கல்லைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் பாதையை மறித்தார். “படுபாவி! அந்த மகராசியை என்னடா பண்ணினே? இறங்குடா கீழே!”

வண்டி அவர் காலடியில் பாந்தமாய் வந்து நின்றது. ஹெல்மெட் கழன்றது.

“இழுவை பிரமாதம்ண்ணே” என்றாள் அந்த அம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டே. “இந்த சீட்டை மட்டும் ஒரு ஆளுக்கு வெட்டிக் குடுத்துடுங்க.”